பிரேக் பிடிக்கேக்க ஸ்டியரிங் இறுகுதெண்டா முதல்ல பம்பைப் பாருங்கோ

தம்பி, உங்கட கடிதத்தை ரெண்டு தரம் வாசிச்சனான், நீங்கள் அனுப்பின படங்களையும் பெருசாக்கி வடிவாப் பாத்தனான். மற்ற ஆக்களுக்கும் விளங்கோணும் எண்டதுக்காக உங்கட பிரச்சினையைச் சுருக்கமாச் சொல்லிப்போட்டு விஷயத்துக்கு வாறன்.

உங்கட வான் 2012 ஷெவர்லே எக்ஸ்பிரஸ் 3500, 6 லீட்டர் காஸ் (பெற்றோல்) எஞ்சின், 260,000 கிலோமீட்டர் ஓடினது, கேட்டரிங் வேலைக்கு ஸ்காபரோவில இருந்து மிசிசாகா, பிரம்டன் எண்டு கிழமையில நாலு நாள் ஓடுது. பிரச்சினை மூண்டு. பார்க்கிங்கில மெதுவாத் திருப்பிக்கொண்டு பிரேக்கை மிதிச்சா ஸ்டியரிங் இறுகுது, "ம்ம்ம்" எண்டு ஒரு முனகல் சத்தம் வருது, பெடலும் காலைத் திருப்பித் தள்ளுது. 401 நெடுஞ்சாலையில 100இல போகேக்க வான் ஒரு கோட்டில நிக்காமல் அங்கயும் இஞ்சயும் அலையுது. பிரேக் பிடிச்சா வலப்பக்கம் இழுக்குது. ஒரு கராஜில ஸ்டியரிங் பொக்ஸ் மாத்தச் சொன்னவை, இன்னொரு கராஜில மாஸ்டர் சிலிண்டரும் (பெடலை மிதிக்க பிரேக் ஒயிலைத் தள்ளுறது) பூஸ்டரும் (மிதிக்கிற காலுக்கு உதவி குடுக்கிறது) போயிட்டுது எண்டவை. நீங்கள் ஏற்கனவே முன் ரயர் ரெண்டும் புதுசாப் போட்டு, அலைன்மென்ற் ரெண்டு தரம் செய்தாச்சு. எதை முதல்ல செய்யிறது, வாற ஞாயிறு ஒரு கலியாண ஓர்டர் இருக்கு, அதுக்கு ஓடலாமோ எண்டு கேட்டிருக்கிறியள்.

ஞாயிற்றுக்கிழமைக்கு உடன பதில் சொல்லுறன், ஓடாதேங்கோ. ஒரு நாளைக்கு வான் வாடகைக்கு எடுங்கோ, அந்தக் காசு போனாப் போகட்டும். ஏனெண்டு கீழ வாசிக்க விளங்கும்.

உங்கட படத்தில மாஸ்டர் சிலிண்டருக்குப் பின்னால பெரிய கறுப்புத் தகர உருண்டை இல்லை, ஒரு சின்ன இரும்புக் கட்டியும் அதுக்குள்ள போற ஹோஸுகளும் தான் இருக்கு. கார்களில அந்தக் கறுப்பு உருண்டை தான் பூஸ்டர், எஞ்சின் உறிஞ்சுற வக்கூமில வேலை செய்யிறது. உங்கட வானில இருக்கிறது ஹைட்ரோபூஸ்ட். இது வக்கூம் கேக்காது, பவர் ஸ்டியரிங் பம்ப் தள்ளுற ஒயிலின்ர அழுத்தத்தில தான் பிரேக்குக்கு உதவி குடுக்கும். பம்பில இருந்து வாற ஒயில் முதல்ல பூஸ்டருக்குள்ள போய், பிறகு ஸ்டியரிங் பொக்ஸுக்குப் போய், திரும்பி பம்புக்கு வரும். அதாவது ஸ்டியரிங்கும் பிரேக்கும் ஒரே கிணத்தில தண்ணி அள்ளுது. கிணத்தில தண்ணி குறைஞ்சா ரெண்டு வாளியும் அரைவாசி தான் வரும். இதைத் தான் அந்த ரெண்டு கராஜும் பிரிச்சுப் பாத்திருக்கினம், ஒருத்தர் ஸ்டியரிங்கை மட்டும் பாத்து பொக்ஸ் எண்டார், மற்றவர் பெடலை மட்டும் பாத்து பூஸ்டர் எண்டார், ரெண்டும் ஒரே நேரத்தில நடக்குது எண்டு நீங்கள் தெளிவாச் சொல்லியும் ரெண்டுக்கும் பொதுவா இருக்கிற பம்பைப் பத்தி ஒருத்தரும் கதைக்கேல்லை. எனக்கு இது சரியான கவலை, ஏனெண்டா அவை சொன்ன எல்லாத்தையும் மாத்தினாக் கூட உங்கட பெடல் அப்பிடியே தான் இருந்திருக்கும்.

ஒண்டு நேர்மையாச் சொல்லோணும், ஹைட்ரோபூஸ்ட் உள்ள நல்ல வானிலயும் ஐடிலில (அக்சிலறேற்றரை மிதிக்காமல் எஞ்சின் சும்மா ஓடேக்க) நிண்டுகொண்டு ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி பிரேக்கையும் அழுத்தி மிதிச்சா கொஞ்சம் பாரம் தெரியும், ஒரு சின்ன சத்தமும் வரும். அது பிழை இல்லை. ஆனா பெடல் காலைத் திருப்பித் தள்ளுற அளவுக்கு வந்தா அது பிழை தான்.

வீட்டு வாசலிலயே காசு செலவில்லாமல் செய்யக்கூடிய சோதனைகளைச் சொல்லுறன். வான் சமதரையில நிக்கோணும், பார்க்கிங் பிரேக் போட்டிருக்கோணும்.

முதலாவது, எஞ்சினை நிப்பாட்டிப்போட்டு பெடலை நாலைஞ்சு தரம் நல்லா மிதியுங்கோ. உள்ளுக்குச் சேமிச்சு வச்சிருக்கிற அழுத்தம் எல்லாம் போய் பெடல் கல்லு மாதிரி வரும். இப்ப காலை மெல்லமா பெடலில வச்சுக்கொண்டு எஞ்சினை ஸ்டார்ட் பண்ணுங்கோ. பெடல் கொஞ்சம் கீழ இறங்கி, பிறகு காலை லேசாத் தூக்கோணும். அப்பிடி வந்தா பூஸ்டர் அடிப்படையில வேலை செய்யுது. ஒரு அசைவும் இல்லையெண்டா பூஸ்டரோ பம்போ எண்டு அடுத்த சோதனையில பிரிச்சுப் பாக்கலாம்.

ரெண்டாவது தான் முக்கியம். எஞ்சின் ஐடிலில ஓடேக்க, பிரேக்கை மிதிச்சுக்கொண்டு ஸ்டியரிங்கைத் திருப்பிப் பாருங்கோ, இறுகும், சத்தம் வரும், அது தெரிஞ்சது தானே. இப்ப கியர் பார்க்கில இருக்க, இன்னொரு ஆளைக் கொண்டு அக்சிலறேற்றரை 1500 ஆர்பிஎம் வரைக்கும் பிடிக்கச் சொல்லிப்போட்டு அதையே திருப்பிச் செய்யுங்கோ. எஞ்சின் வேகம் கூடின உடன ஸ்டியரிங்கும் பெடலும் லேசாகினா, ஒயில் காணாமல் தான் வருது, அதாவது பம்ப், பெல்ட், ஒயில் மட்டம், இல்லாட்டி ஒயிலுக்குள்ள காத்து. எஞ்சினை எவ்வளவு முறுக்கினாலும் வித்தியாசமே இல்லையெண்டா தான் பூஸ்டரையோ ஸ்டியரிங் பொக்ஸையோ சந்தேகப்படலாம். இந்த ஒரு நிமிஷ வேலையை உங்களுக்கு பில் எழுதிக் குடுத்த ரெண்டு இடத்திலயும் செய்திருந்தா கதை வேற.

மூண்டாவது, பொனட்டைத் திறந்து பவர் ஸ்டியரிங் ஒயில் மூடியைக் கழட்டி, எஞ்சின் ஓடேக்க உள்ளுக்குப் பாருங்கோ. ஒயில் தெளிவா இருக்கோ, இல்லாட்டி பால்ரீ ஆத்தின மாதிரி நுரையா இருக்கோ? நுரை எண்டா எங்கயோ காத்து இழுக்குது, காத்து கலந்த ஒயில் அழுத்தத்தைத் தாங்காது. மணந்தும் பாருங்கோ, கருகின மணமும் கடும் மண்ணிறமும் எண்டா அந்த ஒயில் செத்துப் போச்சு, பம்பின்ர தேய்மானத் தூளும் அதுக்குள்ள சேர்ந்திருக்கும், அந்தத் தூள் பூஸ்டருக்குள்ள இருக்கிற வால்வில போய் இருந்தா பெடல் மெதுவாத் திரும்பும், சில வேளை பிரேக் தானாப் பிடிக்கவும் பாக்கும்.

இதில ஒரு சம்பவம் சொல்லோணும். கனகாலத்துக்கு முந்தி, வீடு மாத்துற வேலை செய்யிற ஒருத்தர் இதே மாதிரி ஒரு வானை ரோ ட்ரக்கில ஏத்திக்கொண்டு வந்தவர். பூஸ்டர் புதுசு, மாஸ்டர் சிலிண்டர் புதுசு, பில்லைக் கையில வச்சுக்கொண்டு நிண்டவர், ஆனா பெடல் அதே கல்லு. நான் லைற்றைப் பிடிச்சு பம்புக்கு ஒயில் திரும்பி வாற ஹோஸைப் பாத்தன், கிளம்புக்குக் கீழ ஒரு ஈரம், துடைச்சுப்போட்டு ஐஞ்சு நிமிஷம் கழிச்சுப் பாத்தா திரும்ப ஒரு மெல்லிய ஈரம், ஒழுகுது எண்டு சொல்லவே ஏலாது, வியர்வை மாதிரி. அந்த இடத்தில எஞ்சின் நிக்கேக்க ஒயில் கசியும், ஓடேக்க காத்து உள்ளுக்குப் போகும். ஹோஸின்ர நுனியை வெட்டி, புதுக் கிளம்ப் போட்டு, முன் சில்லு ரெண்டையும் தரையில இருந்து தூக்கி, எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமல் ஸ்டியரிங்கை இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் மெதுவா இருபது முப்பது தரம் திருப்பி, ஒயிலை நிரப்பி நிரப்பிக் காத்தை எடுத்தன். பெடல் வந்திட்டுது. அவற்ற பில்லைப் பாக்க எனக்கு வயிறு எரிஞ்சது. அண்டையில இருந்து பெடல் இறுகுது எண்டு வாற எந்த வானிலயும் நான் முதல்ல தொடுறது அந்தக் கிளம்பைத் தான்.

பெல்ட்டை மறக்காதேங்கோ. இப்பத்தையப் பெல்ட்டுகள் பழைய ஆக்கள் சொல்லுற மாதிரி வெடிச்சுக் காட்டாது, மேலால பாக்க புதுசு போல இருக்கும், ஆனா உள்பக்கப் பள்ளங்கள் தேஞ்சு, பெல்ட் சுத்துற உருளையில (pulley) வழுக்கும். மழை நாளில, விடிய முதல் ஸ்டார்டில கீச்சிடுதெண்டா அது தான் சாட்சி. பெல்ட்டை இறுக்கிப் பிடிச்சிருக்கிற ரென்ஷனரையும் சேர்த்துப் பாருங்கோ, எஞ்சின் ஓடேக்க அது துள்ளிக்கொண்டு இருக்கக்கூடாது.

இன்னுமொரு சோதனை, மாஸ்டர் சிலிண்டரும் பூஸ்டரும் சேருற இடத்துக்குக் கீழ ஈரம் இருந்தா எது ஒழுகுது எண்டு கண்டுபிடிக்கிறது. ஒரு கப்பில தண்ணி எடுத்து, அந்த ஈரத்தில இருந்து ஒரு துளியைத் தொட்டு தண்ணிக்குள்ள விடுங்கோ. தண்ணியோட கரைஞ்சா பிரேக் ஒயில், மாஸ்டர் சிலிண்டர் சீல் போகுது. மேல மிதந்தா பவர் ஸ்டியரிங் ஒயில், பூஸ்டர் சீல் போகுது. இந்த ரெண்டு ஒயிலையும் ஒரு நாளும் மாறி ஊத்தக்கூடாது. பிரேக் பக்கத்து ரப்பர் மினரல் ஒயில் பட்டா ஊதிப் பெருக்கும், பிறகு மாஸ்டர் சிலிண்டரில இருந்து சில்லடி வரைக்கும் ரப்பர் இருக்கிற எல்லாத்தையும் மாத்தோணும். புனல் கூட ரெண்டு வேற வேற புனல் வச்சிருங்கோ.

இனி ஏன் ஓடாதேங்கோ எண்டனான். ஹைட்ரோபூஸ்டில அக்குமுலேற்றர் எண்டு ஒண்டு இருக்கு, எஞ்சின் நிண்டாலோ பெல்ட் அறுந்தாலோ ரெண்டு மூண்டு தரம் மிதிக்கக் காணுற அழுத்தத்தைச் சேமிச்சு வச்சிருக்கும். அது நல்லா இருக்கோ எண்டு பாக்க, எஞ்சின் ஓடேக்க ஸ்டியரிங்கை ஒரு கரைக்குத் திருப்பி ரெண்டு மூண்டு செக்கன் பிடிச்சு, ஐஞ்சு செக்கனுக்கு மேல பிடிக்காதேங்கோ பம்ப் சூடாகும், எஞ்சினை நிப்பாட்டி ஒரு மணித்தியாலம் விட்டிட்டு வந்து பெடலை மிதியுங்கோ. ரெண்டு தரமாவது மெதுவா இறங்கோணும். முதல் மிதியே கல்லு எண்டா சேமிப்பு இல்லை. அந்த நிலையில 401இல பெல்ட் போச்செண்டா, ஸ்டியரிங்கும் பிரேக்கும் ஒரே நேரத்தில உதவி இல்லாமல் போகும், பின்னுக்கு சுடச்சுட சாம்பார் அண்டாவும் சோத்து ட்ரேயும். பிரேக் அறவே இல்லாமல் போகாது, ஆனா முழுப் பலத்தோட, தேவையெண்டா ரெண்டு காலாலயும் மிதிக்கோணும். அப்பிடி ஒரு நேரம் வந்தா விட்டு விட்டு மிதிக்காதேங்கோ, மிச்சம் இருக்கிற சேமிப்பையும் அது தின்னும், ஒரே மிதியா மிதிச்சு நிக்கும் வரைக்கும் காலை எடுக்காதேங்கோ. உங்கட வானை ஓடுற பெடியனுக்கும் இதைச் சொல்லி வையுங்கோ.

அடுத்தது வான் அலையிறது. இது பம்போட சம்பந்தமில்லாத தனிக் கதை, அதால குழப்பிக்கொள்ளாதேங்கோ. முதல்ல ரயர் காத்து. டிரைவர் கதவைத் திறந்தா ஸ்டிக்கர் இருக்கும், இந்த 3500 வான்களில பின்னுக்கு 80 பிஎஸ்ஐ வரைக்கும் கேக்கும், முன்னுக்கு அதை விடக் குறைய. கார் ரயருக்கு அடிக்கிற மாதிரி நாலுக்கும் 40 அடிச்சு விட்ட எத்தினையோ வான் நான் கண்டிருக்கிறன், பின் ரயர் பக்கவாட்டில நெளியும், டிரைவருக்கு ஸ்டியரிங் லூஸ் மாதிரித் தெரியும். அமெரிக்காவின்ர நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2005இல வெளியிட்ட ஆய்வில, 15 பேர் இருக்கிற வான்களில 74 வீதத்தில ரயர் காத்து மோசமாப் பிழைச்சிருந்தது, சாதாரண கார்களில அது 39 வீதம். சனம் ஏத்துற வான் எண்டாலும் சாமான் ஏத்துற வான் எண்டாலும் அடியில ஒரே வண்டி தான். உங்கட பார அண்டாக்களையும் பின் கதவடியில வைக்காமல் பின் அச்சுக்கு முன்னால தள்ளி வையுங்கோ. பாரம் பின்னுக்கு இழுத்தா முன்பக்கம் தூக்கும், முன் சில்லுக்குப் பிடி குறையும், வான் அலையும்.

காத்து சரியெண்டா கீழ பாக்கோணும். இந்த வானில ரக் அண்ட் பினியன் இல்லை, பொக்ஸில இருந்து பிற்மன் ஆர்ம், அதில இருந்து குறுக்கால போற சென்ரர் லிங்க், மற்றப் பக்கத்தில, பயணி இருக்கிற பக்கம், ஐட்லர் ஆர்ம் எண்டு ஒண்டு அந்த லிங்கைத் தாங்கிக்கொண்டு நிக்கும். 260,000இல நான் முதல்ல சந்தேகப்படுறது அந்த ஐட்லர் ஆர்மைத் தான். அது தேஞ்சா லிங்கின்ர வலப்பக்கம் மேலயும் கீழயும் ஆடும், அப்பிடி ஆட ஆட வலப்பக்கச் சில்லின்ர ரோ (சில்லு உள்ளுக்கோ வெளியாலயோ பாக்கிற கோணம்) மாறிக்கொண்டே இருக்கும், நீங்கள் ஸ்டியரிங்கை அசைக்காமலே ரோட்டின்ர ஒவ்வொரு மேடு பள்ளத்துக்கும் சில்லு தன்ர பாட்டுக்குத் திரும்பும். அலைன்மென்ற் மெஷினில வான் அசையாமல் நிக்கேக்க நம்பர் எல்லாம் பச்சையாக் காட்டும், ரோட்டில விட்டா பழைய கதை. உங்கட ரெண்டு அலைன்மென்ற் காசும் போனது அப்பிடித் தான் இருக்கோணும்.

பாக்கிற விதம் லேசு. வானை ஏறி நிக்கிற ராம்பில ஏத்தி, சில்லில பாரம் இருக்கோணும், ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழ போகவே கூடாது, பின் சில்லுக்கு அடை வையுங்கோ. எஞ்சின் ஓட, ஒரு ஆள் ஸ்டியரிங்கை மணிக்கூட்டில 11க்கும் 1க்கும் இடையில டக் டக் எண்டு ஆட்டட்டும். நீங்கள் கீழ படுத்து ஒவ்வொரு மூட்டிலயும் விரலை வச்சுப் பாருங்கோ, ஒரு பக்கம் அசைஞ்சு மற்றப் பக்கம் பிந்தி அசைஞ்சா விரலுக்கு உடன தெரியும், கண்ணுக்குத் தெரியாததும் விரலுக்குத் தெரியும். பிறகு எஞ்சினை நிப்பாட்டி ஐட்லர் ஆர்முக்குக் கிட்ட லிங்கைக் கையால பிடிச்சு மேல கீழ தள்ளுங்கோ. கையால தள்ளேக்கயே நல்லா ஏறி இறங்கினா மாத்தோணும். புதுசு போட்டாப் பிறகு ஒவ்வொரு ஒயில் மாத்தத்துக்கும் கிறீஸ் அடிக்கச் சொல்லுங்கோ, நிப்பிள் இருக்கிற ஐட்லர் ஆர்மாப் பாத்து வாங்குங்கோ.

ஒரு விஷயத்தில கவனம். சிலர் ஸ்டியரிங் பொக்ஸுக்கு மேல இருக்கிற திருகாணியை இறுக்கி "லூஸ் போயிட்டுது" எண்டு காட்டுவினம். மூட்டில இருக்கிற லூஸை பொக்ஸை இறுக்கி எடுக்க ஏலாது. அளவுக்கு மிஞ்சி இறுக்கினா நடுவில பல்லு இறுகி, வளைவு முடிஞ்சாப் பிறகு ஸ்டியரிங் தானா நேராகாது, அது முந்தினதை விட ஆபத்து. ஆரும் அதைத் தொட்டவையோ எண்டு கேட்டுப் பாருங்கோ.

மூண்டாவது, பிரேக் பிடிக்கேக்க வலப்பக்கம் இழுக்கிறது. பிழை வலப்பக்கம் எண்டு தான் எல்லாரும் நினைக்கிறது. பெரும்பாலும் இடப்பக்கம் தான் வேலை செய்யாமல் இருக்கும், வலப்பக்கம் தனியாப் பிடிக்குது. பத்து நிமிஷம் ஓடி, சாதாரணமா நாலைஞ்சு தரம் பிரேக் பிடிச்சு நிப்பாட்டி, இன்ஃப்ராரெட் வெப்பமானியால ரெண்டு முன் ரோட்டரையும் (சில்லோட சுத்துற பிரேக் தட்டு) பாருங்கோ. இடப்பக்கம் நல்லாக் குளிரா இருந்தா அங்க தான் பிழை. இஞ்ச ஒன்ராறியோவில ரோட்டுக்குப் போடுற உப்பு கலிப்பரின்ர (பாட்டை ரோட்டரில அழுத்துற கவ்வி) ஸ்லைட் பின்னுக்குள்ள (கலிப்பர் நகருற ஊசி) போய்க் கறள் கட்டும், பின் அசையாது, கலிப்பர் நகராது, உள்பக்கப் பாட் தேஞ்சு இரும்பு தெரியும், வெளிப்பக்கப் பாட் புதுசு மாதிரி இருக்கும். பின்னைக் கழட்டி, துளையைத் துப்பரவாக்கி, பிரேக்குக்கெண்டு வாற சிலிக்கன் கிறீஸ் போட்டாக் காணும், சாதாரணக் கிறீஸ் போட்டா ரப்பர் ஊதித் திரும்ப இறுகும்.

ஒரு பக்கம் எப்பவும் சூடா இருந்தா, பிரேக் விடாமல் பிடிச்சுக்கொண்டு இருக்கு. சில்லைத் தூக்கிச் சுத்திப் பாருங்கோ, இறுக்கமா இருந்தா கலிப்பரில பிரேக் ஒயிலை வெளியால விடுற பிளீடர் நட்டை லேசாத் திறவுங்கோ. ஒயில் பீறிட்டு சில்லு லேசாகினா ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள்ள ஊதி அடைச்சிருக்கு, வெளியால பாக்க ஒண்டும் தெரியாது. லேசாகேல்லையெண்டா கலிப்பரோ பின்னோ. வேலை முடிஞ்சு சில்லு பூட்டேக்க எட்டு நட்டையும் ரோர்க் ரென்சால 140 அடி பவுண்டுக்கு, எதிரெதிரா இறுக்கச் சொல்லுங்கோ, இம்பாக்ற் கன்னால கண்டபடி இறுக்கினா ரோட்டர் நெளிஞ்சு பிறகு பெடல் துடிக்குது எண்டு எனக்கு இன்னொரு கடிதம் எழுதுவியள்.

கீழ படுத்திருக்கேக்கயே பிரேக் லைனையும் பாருங்கோ, சட்டத்தோட பின்னுக்குப் போற இரும்புக் குழாய். கறள் மேலால படிஞ்சது மட்டும் எண்டா பரவாயில்லை, நகத்தால சுரண்ட செதில் செதிலா வந்தா அந்தக் குழாயை விட்டு வைக்காதேங்கோ, நிக்கல் செம்புக் குழாய் போட்டா உப்புக்குக் கனகாலம் தாங்கும்.

ஆக, கராஜுக்குப் போகேக்க இதை எழுதிக்கொண்டு போங்கோ. முதல் நாள் பெல்ட், ரென்ஷனர், ஒயில், ரிட்டேர்ன் ஹோஸ் கிளம்ப். சரிவரேல்லையெண்டா பம்பின்ர அழுத்தத்தை கேஜ் போட்டு அளந்து நம்பரை உங்களுக்குக் காட்டோணும், அளக்காமல் பம்ப் மாத்த விடாதேங்கோ. பம்ப் மாத்தினா பழைய ஒயில் ஒரு துளியும் உள்ளுக்கு இல்லாமல் முழுக்கக் கழுவி எடுக்கோணும், இல்லாட்டி அந்தத் தூளே புதுப் பம்பையும் பூஸ்டரையும் தின்னும். அதே நேரம் முன் பிரேக் ரெண்டு பக்கமும் கழட்டி ஸ்லைட் பின்னைப் பாக்கோணும். பிறகு ஐட்லர் ஆர்ம். எல்லாம் முடிஞ்ச கடைசியில தான் அலைன்மென்ற், அதுவும் வழமையா நீங்கள் ஏத்துற பாரத்தை பின்னுக்கு வச்சுக்கொண்டு. ஸ்டியரிங் பொக்ஸையும் மாஸ்டர் சிலிண்டரையும் இப்போதைக்கு வாங்காதேங்கோ, ஏற்கனவே ஓர்டர் குடுத்திருந்தா பெட்டியைத் திறக்காமல் வச்சிருங்கோ, 1500 ஆர்பிஎம் சோதனை என்ன சொல்லுது எண்டு எழுதுங்கோ, அதைப் பாத்து மிச்சத்தைச் சொல்லுறன்.